கொழும்பிலிருந்து கதிர்காமம்: பல சமயத்தார் ஒரே இடத்தில் கும்பிடும் பாதை

முதல் நாள்: கொழும்பு

சிவனொளிபாதமலை வழியாகப் போகும் இந்த ஐந்து நாள் பாதையைக் கொழும்பு தேசிய நூதனசாலையில், காலி மும்மொழிக் கல்வெட்டின் முன்னாலிருந்து தொடங்குவது நல்லது. 1911இல் காலியில் ஒரு மதகுக்கு மூடியாக, எழுத்துப் பக்கம் கீழே கவிழ்ந்து கிடந்த கல் இது. சீன மிங் பேரரசின் கடற்படைத் தலைவர் செங் ஹ கப்பலில் கொண்டுவந்தது. கல்லில் உள்ள ஆண்டு 1409. உச்சியில் எதிரெதிராக இரண்டு டிராகன்கள், கீழே மூன்று மொழிகளில் மூன்று காணிக்கைகள். சீனப் பகுதி புத்தருக்கு. தமிழ்ப் பகுதி தேனவரை நாயனாருக்கு, அதாவது இன்றைய தெவிநுவரவில் கோயில் கொண்டிருந்த பெருமாளுக்கு. பாரசீகப் பகுதி அல்லாஹ்வுக்கு. பொன், வெள்ளி, பட்டு, வாசனை எண்ணெய் என்று மூன்று பட்டியலும் ஏறத்தாழ ஒன்றே. சீனப் பகுதியில் பொன் 1000, வெள்ளி 5000 என்று எண்ணிக்கையும் உண்டு. எழுத்து தேய்ந்திருக்கிறது, நேரே நிற்காமல் சற்றுப் பக்கவாட்டில் நின்றால் கோடுகள் பிடிபடும்.

ஒருவர் இன்னொருவர் தெய்வத்துக்குக் காணிக்கை வைத்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று இலங்கைத் தீவில் இல்லை. ஆனால் இதைச் சமாதானப் பத்திரமாக மட்டும் வாசித்துவிடக் கூடாது. கல்லைக் கொண்டுவந்த அதே செங் ஹ, 1411இல் இங்கே போரிட்டு ஆட்சியாளரையே சிறைபிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனார். பெருமாள் கோயிலை 1588இல் போர்த்துக்கேயர் இடித்தார்கள். மரியாதையும் வன்முறையும் ஒரே கரையில், சில சமயம் ஒரே கையாலேயே நடந்திருக்கின்றன. இந்தப் பாதை முழுக்க இது தொடர்ந்து வரும்.

பிற்பகலில் கொச்சிக்கடை. புனித அந்தோனியார் திருத்தலத்துக்குச் செவ்வாய்க்கிழமை போனால்தான் அதன் முழு உருவம் தெரியும். அன்று நவநாள், அதாவது அந்தோனியாருக்கான சிறப்பு வேண்டுதல். கத்தோலிக்கரோடு சைவர்களும் பௌத்தர்களும் மெழுகுதிரி ஏற்றக் காத்து நிற்பார்கள். ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், மறைந்து வாழ்ந்த குருவானவர் ஒருவரோடு தொடங்கிய இடம் இது. அதே தடைக் காலத்தில், 1687இல், ஜோசப் வாஸ் அடிகளார் யாழ்ப்பாணத்தில் வந்திறங்கினார். கண்டிக்குப் போனபோது உளவாளி என்று சிறையில் போட்டார்கள். பிறகு பௌத்த அரசனான இரண்டாம் விமலதர்மசூரியனே அவருக்குத் தன் நாட்டில் போதிக்க இடம் கொடுத்தான். ஒரு கிறிஸ்தவ அரசு துரத்திய கிறிஸ்தவத் துறவியைப் பௌத்த அரசு வைத்துக் காத்தது. 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்தார்.

2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு. இந்தத் திருத்தலத்திலும், கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்புத் தேவாலயங்களிலும், கொழும்பு ஹோட்டல்களிலும் நடந்த தற்கொலைத் தாக்குதல்களில் 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த மாதமே வடமேல் மாகாணத்தில், அதில் எந்தப் பங்கும் இல்லாத முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. இரண்டையும் சேர்த்தே நினைவில் வைத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும்.

போகிறவர்களுக்கு: பெரிய பை வேண்டாம், சோதனையில் நேரம் போகும். தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு. திருப்பலி நடக்கும்போது பின்வரிசையில் இருங்கள். மற்றவர்கள் எழும்போது எழுந்தால் போதும், முழந்தாளிட வேண்டியதில்லை. வெளியூரார் அதிகம் தவறுவது, திருப்பலியில் அப்பம் கொடுக்கும் நற்கருணை வரிசையில்தான். எல்லோரும் போகிறார்களே என்று எழுந்து போய்ப் பிரசாதம் வாங்குவதுபோல் கை நீட்டிவிடுகிறார்கள். நற்கருணை, அதற்கென ஆயத்தம் பெற்ற கத்தோலிக்கருக்கு மட்டும். மற்றவர்கள் இருந்த இடத்திலேயே இருப்பதுதான் மரியாதை. சுரூபத்தைத் தொடுவதற்கும் மெழுகுதிரி ஏற்றுவதற்கும் யாருக்கும் தடையில்லை.

பக்கத்திலேயே பொன்னம்பலவாணேசர் கோயில். சேர் பொன்னம்பலம் இராமநாதன் முழுக்கக் கருங்கல்லால் கட்டுவித்தது. நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள். ஆகவே கோயிலையும் பார்க்க விரும்புகிறவர் வரிசையை மாற்றி, காலையில் கோயில், நடுப்பகலில் நூதனசாலை, மாலையில் அந்தோனியார் என்று வைத்துக்கொண்டால் அலைச்சல் இல்லை. புறக்கோட்டையில் 1909இல் கட்டிமுடித்த சிவப்புப் பள்ளிவாசலையும் பார்க்கலாம். தொழுகை நேரம் தவிர்த்துப் போங்கள், வெள்ளி நண்பகலில் வேண்டவே வேண்டாம்.

இரண்டாம் நாள்: ஹட்டன், நல்லதண்ணி

கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து ஹட்டனுக்கு ரயில், ஏறத்தாழ ஐந்து மணி நேரம். அங்கிருந்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்கு பஸ். சிவனொளிபாதமலை ஏறும் பருவம் மார்கழிப் போயாவில் (பௌர்ணமியில்) தொடங்கி வைகாசிப் போயாவில், அதாவது வெசாக்கில் முடியும். பருவத்தில் படிநெடுக விளக்கு எரியும், தேநீர்க் கடைகள் திறந்திருக்கும், பஸ் அடிக்கடி ஓடும். பருவம் அல்லாத காலத்தில் மழை, காற்று, இருட்டு, கடை இல்லை.

பிற்பகலில் நல்லதண்ணியில் நன்றாகத் தூங்குவதுதான் இன்றைய வேலை. விழித்தபின் பையைக் கட்டுங்கள். ஒரு ஆளுக்கு ஒன்றரை லீட்டர் தண்ணீர், கைவிளக்கு, மாற்றிக்கொள்ள உலர்ந்த மேற்சட்டை, காற்றுத் தடுக்கும் கோட்டு, காதை மூடத் துணி, கழற்றிப் பையில் வைக்கக்கூடிய செருப்பு அல்லது சப்பாத்து, தடித்த காலுறை. உலர்ந்த சட்டையை விட்டுவிட்டுப் போவதுதான் பெரிய பிழை. ஏறும்போது வியர்வையில் நனைந்த சட்டையோடு உச்சியில் ஒரு மணி நேரம் காற்றில் உட்கார்ந்தால், திடகாத்திரமான ஆளுக்கும் நடுக்கம் பிடிக்கும். உச்சியில் வெப்பம் 10 பாகைக்குக் கீழும் இறங்குவதுண்டு.

உச்சியில் இருப்பது ஏறத்தாழ 1.8 மீட்டர் நீளமான ஒரு காலடிச் சுவடு. பௌத்தருக்கு அது புத்தரின் இடது பாதம், சைவருக்குச் சிவன் பாதம், முஸ்லிம்களுக்கு பாவா ஆதம் மண்ணில் கால்வைத்த இடம். கிறிஸ்தவரில் சிலர் ஆதாம் என்பார்கள், சிலர் புனித தோமையார் என்பார்கள். யார் சொல்வது சரி என்று இந்த மலையில் யாரும் யாரையும் கேட்பதில்லை. கேட்காமலிருப்பது பழைய வழக்கம்.

1344இல் மொரோக்கோ நாட்டு இப்னு பதூதா இந்த மலைக்கு வந்தார். புத்தளத்தில் அவரை வரவேற்ற ஆரியச் சக்கரவர்த்தி, மலைக்குப் போகப் பல்லக்குக் கொடுத்து, கூடவே நான்கு யோகிகளையும் மூன்று பிராமணர்களையும் தன் ஆட்கள் பத்துப் பேரையும் சுமைதூக்கப் பதினைந்து பேரையும் அனுப்பினான். சைவ அரசன் ஒருவன் முஸ்லிம் யாத்திரிகரை யோகிகளோடு சேர்த்து அனுப்புகிறான், போய்ச் சேர்ந்த இடமோ பௌத்தரும் கும்பிடும் மலை. மலையில் இரண்டு பாதைகள், ஒன்றுக்கு பாவா பெயர், மற்றதற்கு மாமா பெயர், அதாவது ஆதம், ஹவ்வா என்று எழுதுகிறார். செங்குத்தான பாறையில் பிடித்து ஏற இரும்புச் சங்கிலிகள் பத்து. கடைசிச் சங்கிலிக்குக் கலிமாச் சங்கிலி, அதாவது இஸ்லாமிய நம்பிக்கை உறுதிமொழியின் சங்கிலி, என்று பெயர். அங்கே நின்று கீழே பார்க்கிறவன் விழுந்துவிடுவேனோ என்ற பயத்தில் கலிமாச் சொல்லிவிடுவான் என்பது அவர் தரும் காரணம். இன்று அந்த இடங்களில் சிமெந்துப் படியும் கைப்பிடிக் கம்பியும் இருக்கின்றன.

மூன்றாம் நாள்: சிவனொளிபாதமலை

உயரம் 2243 மீட்டர். நல்லதண்ணியிலிருந்து சுமார் 5500 படி, ஆயிரம் மீட்டர் ஏற்றம். நிதானமாக ஏறுகிறவருக்கு மூன்றரை, நான்கு மணி நேரம். சூரியன் ஆறேகாலை ஒட்டி எழும், ஆகவே அதிகாலை இரண்டு மணிக்குப் புறப்பட்டால் சரி. இந்தக் கணக்கு வார நாளுக்கு மட்டும். சனி, ஞாயிறு, போயா நாள்களில் கடைசி ஏற்றமான மகாகிரிதம்பத்தில் படிக்குப் படி ஆள் நிற்கும்; நேரம் இரட்டிப்பாகும். நடுவில் நின்றுவிட்டால் பின்னால் திரும்பவும் முடியாது. குழந்தைகளோடும் முதியவர்களோடும் போகிறவர்கள் அந்த நாள்களைத் தவிர்க்க வேண்டும்.

மகர தோரண வாயிலைத் தாண்டி, ஜப்பானியப் பிக்குகளின் சமாதானத் தாதுகோபத்தை (ஸ்தூபியை) ஒட்டிப் போனால் சீதா கங்குல ஓடை. யாத்திரிகர் அதில் முகம் கை கால் கழுவிக்கொண்டு மேலே ஏறுவார்கள். சோப்புப் போடாதீர்கள், அந்தத் தண்ணீர் கீழே குடிக்கப் போகிறது.

நூல் கட்டும் இடத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். புத்தர் தம் துறவாடையான சீவரத்தைத் தைக்க நின்ற இடம் என்பது ஐதிகம். வெள்ளை நூல் உருண்டையின் நுனியை யாத்திரிகர் அங்கே கட்டிவிட்டு, உருண்டையைக் கையில் உருளவிட்டபடியே ஏறுகிறார்கள். அறுந்தால் முடிச்சுப் போட்டுத் தொடர்வார்கள். பருவத்தின் நடுவில் கைப்பிடி நெடுகிலும் நூல் தடித்துப் பஞ்சுக் கயிறுபோல் கிடக்கும். கம்பியைப் பிடிக்கிறவர் நூலை இழுத்து அறுத்துவிடாமல் அதன் மேலேயே கையை வைத்து நகர்த்துவது நல்லது.

இறங்குகிறவர் ஏறுகிறவரைப் பார்த்து 'கருணாவாய்' என்று வாழ்த்துவார். அதே சொல்லால் பதில் சொல்லலாம். தேயிலைத் தோட்டத்திலிருந்து வரும் தமிழர் 'அரோகரா' என்பார்கள், சிங்களவர் 'சாது, சாது' என்பார்கள். இரண்டும் ஒரே படியில் கலந்து கேட்கும். முதல் தடவை ஏறுகிறவர்களைக் கூட்டிப்போக ஒரு மூத்தவர் இருப்பார், அவர் சொல்வதுதான் அந்தக் குழுவில் சட்டம். 'இன்னும் எவ்வளவு தூரம்' என்று கேட்பதை அவர்கள் விரும்புவதில்லை. களைப்பைப் பற்றிப் பேசுவதும் வழக்கத்துக்கு மாறானது.

உச்சி முற்றத்துக்கு ஏறுமுன் பாதணி கழற்ற வேண்டும். தரை ஈரம், குளிர். தடித்த காலுறை இங்கேதான் உதவும். சுவடு இருக்கும் மண்டபத்தில் படம் எடுக்கக் கூடாது. கண்ணில் படுவது மேலே பதித்த கல்தான். மூலச் சுவடு அதன் அடியில் இருப்பதாக நம்பிக்கை. பூ வைத்து, தலைவைத்து வணங்கி, சில நொடிகளில் நகர்ந்துவிட வேண்டும். மணி கட்டியிருக்கிறது. எத்தனையாவது தடவை ஏறியிருக்கிறீர்களோ அத்தனை தடவை அடிக்க வேண்டும். முதல் தடவை வந்தவர் ஒன்றே ஒன்று அடித்துவிட்டு நகர, பின்னால் வந்த கிழவி நிறுத்தாமல் அடித்துக்கொண்டே போவார். வரிசையில் நிற்கிறவர் யாரும் அவசரப்படுத்துவதில்லை.

சூரியன் எழும்போது எல்லோரும் கிழக்கே நெருக்குவார்கள். எழுந்து சில நிமிடம் கழித்து மேற்குப் பக்கம் போங்கள். மலையின் நிழல் கூரிய முக்கோணமாகப் பனிமூட்டத்தின் மேல் விழுந்து கிடக்கும்.

மலை யாருக்கு என்பது எப்போதும் அமைதியாகத் தீர்ந்ததில்லை. சீதாவக்கை அரசன் முதலாம் இராஜசிங்கன் 16ஆம் நூற்றாண்டில் இதைச் சைவ ஆண்டிகளிடம் கொடுத்தான். 18ஆம் நூற்றாண்டில் கண்டியரசன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் அதைப் பிக்குகளிடம் திருப்பிக் கொடுத்தான். அதற்கும் முன்னால், 11ஆம் நூற்றாண்டில் ஆட்சிக்கு வந்த முதலாம் விஜயபாகுவின் அம்பகமுவக் கல்வெட்டு, யாத்திரிகருக்கு உணவளிக்கக் கிராமம் விட்டதைச் சொல்கிறது. அதே கல்வெட்டு, தாழ்ந்த குலத்தார் என்று ஒதுக்கப்பட்டவர்கள் நின்று வணங்கச் சுவட்டுக்குக் கீழே தனித் தளம் கட்டியதையும் சொல்கிறது. பசித்தவனுக்குச் சோறு போட்ட அதே பக்தி, அவன் நிற்க வேண்டிய இடத்தையும் தாழ்த்திக் கோடு போட்டது. சமயம் மனிதனுக்குச் செய்த நன்மையைப் பேசுகிறவர்கள் இந்த இரண்டு வரிகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான எண்ணம். இன்று அந்தப் பிரிவு இல்லை, ஒரே வரிசைதான்.

இறங்க இரண்டு வழி. வந்த வழியே நல்லதண்ணிக்குப் போகலாம். கதிர்காமம் போகிறவர்கள் இரத்தினபுரிப் பக்கம் பலாபத்தலைக்கு இறங்கலாம். அது நீளம், இறங்கவே ஐந்து மணி நேரத்துக்கு மேல், மழை பெய்தால் அட்டை கடிக்கும். இந்த வழி இறங்குவதென்றால் பையை நல்லதண்ணி விடுதியில் விட்டுவிட்டு ஏற முடியாது என்பதைப் பலர் உச்சியில்தான் உணர்கிறார்கள். முழங்கால் வலி உள்ளவர் பக்கவாட்டில் திரும்பி, படியின் குறுக்காகக் கால் வைத்து இறங்கினால் அழுத்தம் குறையும்.

நான்காம் நாள்: இரத்தினபுரி முதல் புத்தளை வரை

நாள் முழுக்க வழிதான். இரத்தினபுரி மகா சமன் தேவாலயத்தில், அதாவது சிங்களவர் கும்பிடும் சமன் தெய்வத்தின் கோயிலில், இறங்கிப் பார்க்கலாம். சமன் தெய்வம்தான் மலையின் காவல். போர்த்துக்கேயர் பழைய தேவாலயத்தை இடித்தார்கள். அவர்கள் வீரன் ஒருவன் சிங்கள வீரனை மிதித்து நிற்கும் சிற்பக் கல்லை இன்றும் தேவாலய வளவில் வைத்திருக்கிறார்கள். தோற்றதைக் காட்டும் கல்லை உடைக்காமல் வைத்திருப்பது பெரிய மனது. அடுத்து பெல்மதுளை. பருவம் அல்லாத மாதங்களில் மலையின் சமன் திருவுருவம் இங்கே கல்பொத்தாவல விகாரையில் இருக்கும். பருவத் தொடக்கத்தில் ஊர்வலமாக மேலே போகும்.

பலாங்கொடையிலிருந்து பிரிந்து போனால் கூரகல. முஸ்லிம்களுக்கு அது தப்தர் ஜெய்லானி, சூஃபி ஞானி அப்துல் காதிர் ஜீலானி தங்கித் தியானித்த குகை; அங்கே கந்தூரி விழா நடத்திவந்தார்கள். பௌத்தருக்கு அது பிராமிக் கல்வெட்டுகள் உள்ள பழைய துறவிக் குகைகள். இரண்டும் சேர்ந்திருந்திருக்கலாம். ஆனால் யார் முதலில் என்ற கேள்வி எழுந்து, வழக்காகி, அரசியலாகிவிட்டது. மலையில் கேட்காத கேள்வியை இங்கே கேட்டார்கள், வித்தியாசம் அவ்வளவுதான். போகிறவர்கள் இரு தரப்பாரிடமும் அங்கே நின்று வாதாட வேண்டாம்.

புத்தளையிலிருந்து கதிர்காமம் போகும் வீதியில் யாலைக் காட்டு யானைகள் வாகனத்தை மறிக்கும். பூசைத் தட்டத்துப் பழத்தை ஜன்னல் வழியே கொடுத்துப் பழக்கியது யாத்திரிகர்கள்தான். கொடுக்காதீர்கள். ஜன்னலை மூடி, ஹோர்ன் அடிக்காமல், தூரத்திலேயே நிறுத்திக் காத்திருங்கள். இருட்டில் இந்த வழியே வரக் கூடாது. புத்தளையில் தங்கிவிட்டுக் காலையில் புறப்படுங்கள்.

ஐந்தாம் நாள்: கதிர்காமம்

முதலில் மாணிக்க கங்கை. குளித்து உடுப்பு மாற்றிவிட்டுத்தான் கோயில். மாமிசம், மீன் அன்று கூடாது என்பதில் தமிழர், சிங்களவர் இருவருக்கும் ஒரே நெறி. கடையில் தட்டம் வாங்கும்போது பழம் கனிந்திருக்கிறதா, தேங்காய் ஆட்டினால் தண்ணீர்ச் சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். பூவை முகர்ந்து பார்க்காதீர்கள். முகர்ந்த பூ படையலுக்கு ஆகாது என்பது சைவருக்கும் பௌத்தருக்கும் பொது.

தேங்காய் உடைக்கும் இடத்தில் முழுத் தேங்காயின் மேல் கற்பூரம் ஏற்றி, நேர்த்தியைச் சொல்லி, ஓங்கிக் கல்லில் அடிக்க வேண்டும். ஈரக் கையால் பிடித்தால் வழுக்கிக் காலில் விழும். சிரட்டைத் துண்டு தெறிக்கும். குழந்தைகளை எட்ட நிறுத்துங்கள்.

மகா தேவாலயத்தில், அதாவது முருகன் சந்நிதியில், பூசை அதிகாலை 4.30, காலை 10.30, மாலை 6.30 அளவில். தட்டத்தை அரை மணி நேரம் முன்பே வரிசையில் கொண்டுபோங்கள். உள்ளே மூலமூர்த்தி தெரியாது. முருகனும் வள்ளி தெய்வானையும் வரைந்த திரை தொங்கும். அதற்குப் பின்னால் இருப்பது யந்திரம் என்பது மரபு. பூசகரான கப்புறாளை தட்டங்களோடு திரைக்குள் போவார், வெளியே ஆலத்தி அம்மாக்கள் விளக்குச் சுற்றுவார்கள், மணி ஒலிக்கும். மந்திரம் காதில் விழாது. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் 'சுவாமியைக் காட்டுங்கள்' என்று கேட்பதுண்டு. கேட்கக் கூடாது. ஆகமக் கோயில் முறையை இங்கே எதிர்பார்ப்பது வீட்டுக்காரர் சமையலறையில் போய் நம் வீட்டுச் சட்டியைத் தேடுவதுபோல. பூசை முடிந்ததும் தட்டத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பித் தருவார்கள்.

தமிழ்ச் சைவர்களுக்கு இங்கே ஒரு குறை உண்டு. அதைச் சொல்லாமல் விட முடியாது. நிர்வாகம் தேவாலயத் தலைவரான பஸ்நாயக்க நிலமேயின் கையில், பௌத்த வழக்கம் ஆண்டுக்கு ஆண்டு தடிக்கிறது, தமிழ் வழிபாட்டின் இடம் சுருங்கிக்கொண்டு வருகிறது என்ற வருத்தம் பழையது. நியாயமானதும்கூட. ஆனால் அதே சந்நிதியில் சிங்களத் தாய் ஒருத்தி நோயுற்ற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு 'கதிர்காம தெய்யோ' என்று அழுவது, நம் 'முருகா'வுக்கு எந்த வகையிலும் குறைந்ததல்ல. நிர்வாகத்தோடு உள்ள வழக்கை அவளோடு உள்ள வழக்காக மாற்றக் கூடாது.

அங்கிருந்து கிரி விகாரைக்கு நடந்துபோகலாம். வெள்ளைத் தாதுகோபம், வலமாகச் சுற்ற வேண்டும். பாதணியைத் தூரத்திலேயே கழற்ற வேண்டியிருப்பதால் நடுப்பகலில் தரை சுடும். காலை பத்துக்கு முன் அல்லது மாலை நான்குக்குப் பின் போங்கள். புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுக்காதீர்கள்.

வீதியின் மறுமுனையில் வள்ளியம்மன் கோயில், அதன் பக்கத்திலேயே பள்ளிவாசலும் ஹில்ர் நபியோடு சேர்த்துப் போற்றப்படும் புனித இடமும். ஆடித் திருவிழாவில் யானைமேல் யந்திரப் பேழை வந்து நிற்பது இந்தப் பக்கம்தான். திருவிழா தொடங்கும்போது பள்ளிவாசலிலும் கொடியேற்றம் நடக்கும். பக்கீர்கள் (முஸ்லிம் துறவிகள்) றாத்தீபு எனும் இறைபுகழ் ஓதுவார்கள். முஸ்லிம் அல்லாதவர் போகலாம்: தலையை மூடி, காலைக் கழுவி, தொழுகிறவர் முன்னால் குறுக்கே போகாமல், ஓரமாக.

எல்லா முஸ்லிம்களும் இதை ஏற்பதில்லை. ஸியாரத்துக்கு, அதாவது பெரியார் அடக்கத்தலத்துக்கு, போவது தவறு என்று நினைக்கிறவர் உங்கள் குழுவில் இருந்தால் அவரை 'சும்மா வாருங்கள்' என்று இழுக்காதீர்கள். கடைத் தெருவில் தேநீர் குடித்துக்கொண்டு இருக்கட்டும். கிறிஸ்தவ நண்பர் திருநீறு பூச மாட்டேன் என்றாலும் அப்படியே. மறுக்கிறவருக்கும் ஒரு முறை உண்டு. கப்புறாளையோ ஐயரோ நீட்டும்போது முகத்தைத் திருப்பாமல், வலக் கையை நெஞ்சில் வைத்துத் தலையைக் கொஞ்சம் தாழ்த்தினால் அவர் அடுத்த ஆளிடம் போய்விடுவார். பழமோ சோறோ என்றால் இரண்டு கையாலும் வாங்கி, வெளியே வந்தபின் வேண்டியவர் கையில் கொடுத்துவிடலாம். குப்பைத் தொட்டியில் மட்டும் போடாதீர்கள்.